முன்வரிசையில் மாமியார்

போன வாரம் ஒருநாள் காலை. பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் பைக் வந்து நிற்கிற சத்தம். அருள்தாஸ்.

பள்ளிக்கூட வாத்தியார். திண்டுக்கல்லில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். காலாண்டு விடுமுறை விட்டுவிட்டால் வெயில் முகத்தில் அடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்து நிற்கிறார் என்றால்...

"மாப்ள, போச்சு."

யாருக்கு என்ன ஆச்சோ?

"பழைய கம்ப்யூட்டரை ஸ்டெல்லா தூக்கிக் குடுத்துட்டா."

ஸ்டெல்லா, அவர் மனைவி. நுரையைத் துப்பினேன். "யாருக்கு?"

"அவ தாய்மாமனுக்குத்தான். ஒட்டன்சத்திரத்துல கமிஷன் மண்டி வெச்சிருக்காருல்ல, சூசை மாமா. கணக்குப் போட ஒரு கம்ப்யூட்டர் கெடைக்குமான்னு கேட்டாராம். இது கட்டிலுக்கு அடியில சும்மாதான கெடக்குன்னு நேத்து சாயங்காலம் காய்கறி வண்டியில ஏத்தி விட்டுட்டா. நான் டியூஷன் முடிச்சு வந்து பாக்குறேன், கட்டிலுக்கு அடியில காத்து வாங்குது."

"அதான் புதுசு வாங்கியாச்சுல்ல. பழசு போனா போகுது."

அருள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... இழவு வீட்டில் போய் டிபன் கேட்டவனைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"மாப்ள, அவங்க எல்லாரும் அதுக்குள்ளதான நிக்கிறாங்க. இன்னிக்கு மத்தியானம் பழனியிலேருந்து ஆளு வந்து எல்லாத்தையும் அழிச்சுட்டு மண்டி சாப்ட்வேர் போடப் போறாராம்."

அப்போதுதான் எனக்கே உறைத்தது. வாயைக் கொப்பளித்துவிட்டுச் சட்டையை எடுத்தேன்.

கம்ப்யூட்டர் கேம் சமாச்சாரம் என்று தெரிந்ததும் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் செத்த நேரம் பொறுங்கள். நானும் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்கு என்று ஒன்றை வாங்கிப் போட்டு, தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டவன். எனக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியாமல் போகாது.

ரோல் பிளேயிங் கேம் என்று ஒரு வகை. நாமே வேஷம் கட்டிக்கொண்டு ஒரு கதைக்குள் போவது. கூட ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகச் சுற்றி, பேய் பிசாசை அடித்து, கடைசியில் ஒரு பெரிய வில்லனைச் சாய்ப்பது. அவ்வளவுதான் சங்கதி. இதில் பழசு, புதுசு என்று இரண்டு கட்சி உண்டு. அருள் பழைய கட்சி. நான் புதுசு.

அருள் விளையாடுவது தொண்ணூறுகளில் ஃப்ளாப்பியில் வந்தது. படம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பச்சைக் கட்டமாக இருந்தால் காடு. சாம்பல் கட்டமாக இருந்தால் சுவர். ஒரு ஊருக்குள் போனால் யார் முக்கியம், யார் சும்மா என்று தெரியாது. ஒவ்வொரு ஆளிடமும் போய், பேர் என்ன, வேலை என்ன என்று டைப் அடித்துக் கேட்க வேண்டும். அவர் பேச்சுவாக்கில் கிணறு என்பார். உடனே கிணறு என்று டைப் அடித்தால் கிணற்றுக் கதை வரும். கேட்காவிட்டால் அவராகச் சொல்ல மாட்டார். நீங்கள் அந்தக் கிணற்றைத் தேடி மாசக் கணக்கில் அலைய வேண்டியதுதான்.

என்னுடைய கேம் அப்படி இல்லை. இப்போது வருவது. முக்கியமான ஆளின் தலைக்கு மேலே மஞ்சளாக ஒரு குறி தொங்கும். அவரிடம் மட்டும் பேசினால் போதும். பேசுவதுகூட நாம் இல்லை... மூன்று பதிலை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள், ஒன்றைத் தொட்டால் ஆச்சு. போகிற வழிக்கு அம்புக்குறி வேறு.

"இது கேமா மாப்ள? கல்யாண வீட்டுல கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி பந்தியில உக்காத்தி வெக்கிற மாதிரி இருக்கு" என்பார் அருள்.

"உக்காத்தி வெச்சா நீ சாப்பிடாம எந்திரிச்சிருவியா?" என்பேன் நான்.

சண்டையிலும் வித்தியாசம் உண்டு. புதுசில் வில்லன் நமக்காகக் காத்திருக்க மாட்டான். தும்மினால் ஆள் காலி. பழசில் முறை வைத்துத்தான் அடி. நாம் ஒரு தடவை, அது ஒரு தடவை. நம் முறை வந்தால் நாம் பொத்தானைத் தட்டும்வரை அது அப்படியே நிற்கும். டீ குடித்துவிட்டு வரலாம். பேப்பர் திருத்திவிட்டு வரலாம். "திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல மனுசன் வரிசையில நிக்க மாட்டேங்கிறான். இங்க பேயி நிக்குது பாரு" என்று அருள் பூரித்துப்போவார்.

ஆனால் ஒன்று. பழசில் கூட்டத்தோடு செத்தால் செத்ததுதான். புதுசு மாதிரி அதுவாகவே சேமித்து வைத்துக்கொண்டு, விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாது. சேமிக்க ஒரே ஒரு இடம். கூட்டம் மொத்தமும் அழிந்தால் அதுவும் அழிந்துவிடும். முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அருளின் கூட்டத்தில் ஆறு பேர். முன்வரிசையில் மூன்று, பின்வரிசையில் மூன்று. பெயர் நாம் வைத்துக்கொள்ளலாம். வாத்தியார் தெரிந்தவர்கள் பெயரையே வைத்திருந்தார். பின்வரிசை மந்திரவாதி — அவரேதான். தலைமையாசிரியர் வைத்தியர். பூட்டு உடைக்கிற திருடன் ஒருவன் வேண்டும்... அது நான். இதற்காக நான் அவரிடம் கொஞ்ச நாள் பேசாமல்கூட இருந்தேன்.

முன்வரிசையின் நடுவில், வாளோடு, யாரும் அசைக்க முடியாத போர்வீரர் ஒருவர். பெயர், பிலோமினா. அருளின் மாமியார்.

வடமதுரையில் இருக்கிற அந்த அம்மாளை நீங்கள் பார்த்திருந்தால் அந்த இடத்துக்கு வேறு ஆளை நினைக்கவே மாட்டீர்கள். கல்யாணத்தன்று சமையல்காரர் இருவர் முக்கிக்கொண்டிருந்த குழம்பு அண்டாவை, "தள்ளுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தனியாக இறக்கியவர். மருமகனைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் எதுவும் கிடையாது. "நல்லவருதான்... எதுக்கும் முன்னால நிக்க மாட்டாரு" என்று ஸ்டெல்லாவிடம் சொல்வாராம். அது அருள் காதுக்கும் வந்து சேரும். அருள் கேமில் மாமியாருக்கு இன்னும் நல்ல கவசமாக வாங்கிப் போடுவார்.

இந்த ஆறு பேரும் காடு மலை எல்லாம் தாண்டிக் கடைசிக் கதவு முன்னால் நிற்கிறார்கள். உள்ளே டிராகன். நிற்கிறார்கள் என்றால் நேற்று இன்று இல்லை, வருஷக்கணக்காக. கதவைத் திற என்றால், "இன்னும் கொஞ்சம் பலம் ஏறட்டும் மாப்ள" என்பார் அருள். பலமெல்லாம் எப்போதோ ஏறிவிட்டது. தோற்றால் எல்லாம் போய்விடுமே என்கிற பயம். அவ்வளவுதான்.

எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஃப்ளாப்பி டிரைவ் செத்து ரொம்ப நாளாச்சு. பென் டிரைவ் என்றால் என்னவென்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. இருந்தால் அதற்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இல்லை.

அடுத்த தெருவில் அருள் வீட்டைக் கடக்கும்போது ஸ்டெல்லா வாசலுக்கு வந்தார். "அண்ணே, நீங்களாச்சும் கேளுங்க. எங்க கல்யாண ஆல்பத்தைக் கரையான் அரிச்சப்பகூட இந்த மனுசன் இம்புட்டுக் கலங்கல. அதுக்குள்ள அப்படி என்னத்தத்தான் வெச்சிருக்காராம்?"

உங்க அம்மாவை, என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குள் நாங்கள் நுழைந்தபோது வெயில் ஏறிவிட்டது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. முருங்கைக்காய்க் கட்டு, கத்தரிக்காய் மூட்டை, தக்காளிப் பெட்டி. சூசை மாமா ஏலத்தில் நின்றார். நல்ல உயரம். திண்டுக்கல்காரர்தான், ஆனால் இங்கேயே கிடந்து பேச்சில் பாதி இந்த ஊராகிவிட்டார்.

"வாங்க மாப்ள, வாங்க. ஏனுங்க, மூஞ்சியெல்லாம் இப்படி வாடிக் கெடக்குது? டீ சொல்லட்டுங்களா?"

"மாமா, அந்தக் கம்ப்யூட்டர்..."

"அதையேன் கேக்கறீங்க. டிவியாட்டம் இருக்குதே, அது சேலையில சுத்தி வந்து சேந்துருச்சு. இன்னொரு பெட்டி இருக்குமாமே, அதக் காணோம். வண்டிக்காரன் எறக்கிட்டேங்கறான். எங்கடையில எறங்கல."

அருள் அப்படியே ஒரு வெங்காய மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டோம். "சிபியு அடிபடக்கூடாதுன்னு தக்காளிப் பெட்டியில வைக்கோல் வெச்சு, மேல பலகை அடிச்சுல்ல அனுப்புனேன்" என்றார். காய்கறிக்காரரிடம் கேட்டு வாங்கிய பழைய பெட்டியாம்.

தக்காளிப் பெட்டி. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில். போய்த் தேடுங்கள்.

நான் புது கட்சி அல்லவா? ஒரு குறி கிடைத்தால் போதும் எனக்கு. இந்த மார்க்கெட்டில் ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு மார்க் உண்டு. பெட்டியில், சாக்கில் அதைப் பெயின்டில் அடித்துவிடுவார்கள். சூசை மாமாவின் மார்க் நீலச் சிலுவை. பிறகென்ன? நீலச் சிலுவை போட்ட பெட்டியாகப் பார்த்து இறக்கச் சொன்னேன். திறந்தால் தக்காளி. அடுத்தது... தக்காளி. அதற்கடுத்தது கொஞ்சம் அழுகின தக்காளி. மாமா சொன்னார், "ஏனுங்க, ஏவாரத்துக்கு மிச்சம் வைப்பீங்களா?"

போகிறவர் வருகிறவரிடம் கேட்டும் பார்த்தேன். நம் ஊர்க்காரர்களிடம் ஒரு பெரிய குணம் உண்டு. தெரியாது என்று சொல்லிக் கேட்டவர் மனசை நோகடிக்க மாட்டார்கள். ஒருத்தர் கிழக்கே கை காட்டினார். ஒருத்தர் மேற்கே. இன்னொருத்தர், "பெட்டிங்களா, அந்தப் பக்கம் நெறய இருக்குதுங்க" என்றார். அது உண்மையும்கூட.

அப்போதுதான் அருள் எழுந்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். நேரே டீக்கடைக்குப் போனார்.

"உங்க பேரு என்னங்க?"

"செல்வராசுங்க."

"என்ன வேலை?"

டீக்கடையில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்த மனிதர் கையை நிறுத்தினார். "டீதானுங்க ஆத்துறேன்... நீங்க கணக்கெடுப்புக்கு வந்தீங்களா? எம் பொண்டாட்டி பேரு விட்டுப்போச்சுங்க. சேத்துருங்க."

வாத்தியார்களுக்கு மக்கள்தொகைக் கணக்கும் வாக்காளர் பட்டியலும் பழக்கம்தானே. அருள் மறுக்கவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. "ராத்திரி வண்டி வந்தா யாரு எறக்குவாங்க?" என்று கேட்டார்.

"பழனிச்சாமி மேஸ்திரி ஆளுங்கதானுங்க."

பழனிச்சாமி மேஸ்திரி, லோடுமேன்களுக்குத் தலைவர். அவரிடம் போனோம். பேர் என்ன, வேலை என்ன... மறுபடி முதலில் இருந்து. எனக்கோ உயிர் போகிறது. நேராகக் கேட்டுத் தொலைய வேண்டியதுதானே? மேஸ்திரி பேர் சொன்னார், ஊர் சொன்னார், மகளுக்கு வரன் பார்ப்பதைச் சொன்னார். அருள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மேஸ்திரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ராத்திரி ஒரு பெட்டி தூக்கினதுல இருந்து புடிச்சுக்கிச்சுங்க. தக்காளி என்ன கல்லாப் போச்சான்னுகூடக் கேட்டேன்" என்றார்.

"பெட்டி" என்றார் அருள்.

"ஆமாங்க, பெட்டி. செவப்பு வேலு மார்க்கு."

விஷயம் அதுதான். பழைய பெட்டியில் வேறு மண்டிக்குச் சரக்கு வைத்தால், பழைய மார்க்கின் மேல் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டுப் புது மார்க் போட வேண்டும். ஒட்டன்சத்திரத்தில் குழந்தைக்குக்கூட இது தெரியும். திண்டுக்கல் டவுனில் இருக்கிற ஸ்டெல்லாவுக்கு எப்படித் தெரியும்? பழைய வேல் மார்க்கை மறைக்காமல், பெட்டியில் பெரிசாகச் ‘சூசை மண்டி’ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தார்.

"எழுதியிருந்துச்சுங்களே" என்றேன் மேஸ்திரியிடம், கொஞ்சம் கோபமாகவே.

"ஏனுங்க, தலையில பெட்டிய வெச்சுக்கிட்டு நின்னு படிச்சுட்டா இருப்பாங்க? மார்க்குதானுங்க கணக்கு. வேலு மார்க்கு வேலுக் கடை லாரிக்கு. உள்ளார தக்காளி இருக்குதா, ரேடியோப் பொட்டி இருக்குதான்னு நாங்க எப்படிக் கண்டோம்?"

வேல் கடை லாரி கேரளாவுக்கு. மேஸ்திரியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடினார், நாங்கள் பின்னால். நல்ல காலம், பாதி லோடுதான் ஏறியிருந்தது. கெட்ட காலம், கனமான பெட்டி என்று அதை அடி வரிசையில் வைத்துவிட்டார்கள். டிரைவர் முறைத்தார். மேஸ்திரி அவரிடம், "சாரு கணக்கெடுப்புக்காரரு, கவர்மென்ட்டு" என்றார். அடுத்த நிமிஷம் பெட்டிகள் இறங்கின.

சிபியு வந்தது. ஒரு பக்கம் தக்காளிச் சாறு. மூலையில் வைக்கோல். அருள் அதை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்த நடையைப் பார்த்து ஒரு பூக்காரம்மா, "பச்சப்புள்ளையாட்டம் தூக்கிட்டுப் போறாரு பாரு" என்றார்.

மண்டியில் பழனிக்காரர் வந்து உட்கார்ந்திருந்தார். கையில் சிடி. "ஏனுங்க, சீக்கிரம் குடுங்க. எனக்கு இன்னும் கடைங்க கெடக்குதுங்க."

"செத்த நேரம்" என்றார் அருள். "ஒரு வேலை பாக்கி இருக்கு."

மாமா மேசையில், தராசுக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டரை மாட்டினோம். பொத்தானை அழுத்தியதும் உள்ளே இருந்து நெல் மிஷின் மாதிரி சத்தம். கொஞ்சம் வைக்கோல் பறந்தது. பிறகு கறுப்புத் திரை. பிறகு... கதவு. கதவு முன்னால் ஆறு பேர்.

அருள் மூச்சு விட்டார். அப்புறம் விடவில்லை.

"இப்ப என்ன பண்ணப் போற?" என்றேன்.

"தெரியல மாப்ள."

"இவரு எப்படியும் அழிக்கத்தான் போறாரு. அவங்க கதவுக்கு வெளியில நின்ன மேனிக்கே போகணுமா?"

வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதவைத் திறந்தார்.

டிராகன் வந்தது. அந்தக் காலத்துப் படம். பச்சையாக, சதுரம் சதுரமாக. அதற்குள் நாலு லோடுமேன்கள் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"ஏனுங்க, இது உடும்புங்களா?"

"ரெக்கை இருக்குது பாரு. உடும்புக்கு ஏது ரெக்கை?"

சூசை மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். முன்வரிசைப் பெயர்களை இங்கிலீஷில் எழுத்துக் கூட்டிப் படித்தார். கேமில் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம் என்பதால் கடைசி எழுத்து விட்டுப்போய் இருந்தது. ஆனால் தம்பிக்கு அக்கா பெயர் தெரியாதா?

"இது யாருங்க... எங்க அக்காவா?"

அருள் தலையாட்டினார். "ஆமா மாமா."

"எங்க அக்காவையா இந்தச் சனியனுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தி இருக்கீங்க? நீங்க எங்க நிக்கிறீங்க?"

"பின்வரிசையில மாமா. நான் மந்திரவாதி. அத்தைதான் பலசாலி. அவங்க முன்னால இருந்தாத்தான்..."

"பலம் இருந்தா? பெரிய பொம்பளைய முன்னால விட்டுட்டு ஆம்பள நீங்க பின்னால ஒளிஞ்சுக்கறதா?"

"நாயந்தானுங்க" என்றார் மேஸ்திரி.

"விளையாட்டுதானங்க மாமா," என்று நான் குறுக்கே போனேன்.

"நீங்க யாரு இதுல?"

"திருடன்" என்றேன். அதற்கப்புறம் என் பேச்சை யாரும் மதிக்கவில்லை.

மண்டியில் பஞ்சாயத்து தொடங்கியது. ஏலத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரண்டு வியாபாரிகள் வந்து சேர்ந்தார்கள். மாமியாரை முன்னால் நிறுத்தலாம் என்று ஒரு கட்சி, கூடாது என்று ஒரு கட்சி. எந்த மாமியார் என்பதைப் பொறுத்தது என்றார் பழனிக்காரர். டீ வந்தது. குடித்து முடித்தாகிவிட்டது. யார் வீட்டு மாமியாரோ யாருடைய நகையை அடகு வைத்த கதையும் ஒன்று முடிந்தது.

இவ்வளவுக்கும் அந்த டிராகன் வாயைத் திறந்த மேனிக்கு அப்படியே நின்றுகொண்டிருந்தது. பொத்தானைத் தட்டவில்லை அல்லவா? என் புது கேமாக இருந்தால் மாமா கண்ணாடி மாட்டுவதற்குள் எங்கள் எல்லோரையும் பொசுக்கித் தின்றிருக்கும். நம் ஆட்களை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டுமானால் பழைய கேம்தான் லாயக்கு. அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

"மாமா," என்றார் அருள் கடைசியில், "நான் முன்னால போனா ஒரே அடியில செத்துருவேன். அத்தை பின்னால இருந்தா அவங்க வாளு எட்டாது. எல்லாரும் போயிருவாங்க. இம்புட்டு வருசமும் போயிரும்."

மாமா குரலைத் தணித்தார். "போனாப் போகட்டும் மாப்ள. எங்க அக்கா பாத்தா என்ன சொல்லும்? அதச் சொல்லுங்க."

அந்த அம்மாள் என்ன சொல்வார் என்பது அருளுக்குத்தான் நன்றாகத் தெரியுமே. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிலோமினாவைப் பின்வரிசைக்கு அனுப்பினார். தன் பெயரை முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"வாரேன் மாப்ள" என்றார் என்னிடம்.

பொத்தானைத் தட்டினார்.

டிராகனின் முறை. ஒரே அடி. அருள் செத்தார்.

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். "நல்ல மனுசன்" என்று யாரோ பின்னால் இருந்து முணுமுணுத்தார்கள். செத்தவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் பெரிதாகப் படவில்லை.

ஆனால் அந்தக் கேமில் ஒரு விதி உண்டு. பதற்றத்தில் அருளே அதை மறந்திருந்தார். முன்வரிசையில் ஒருத்தர் விழுந்தால், அந்த இடத்தை நிரப்பப் பின்வரிசையில் பலமானவர் தானாகவே முன்னால் வந்து நிற்பார்.

பிலோமினா வந்தார்.

"அக்கா" என்றார் சூசை மாமா. இந்தத் தடவை போகாதே என்று சொல்லவில்லை. "விடாதக்கா. மாப்பிள்ளைய அடிச்சுட்டான்."

அருள் தட்டினார். வெட்டு. டிராகன் அடித்தது. மறுபடி வெட்டு. தலைமையாசிரியர் கட்டுப்போட்டார். நான் கத்தி எறிந்தேன், படவில்லை. லோடுமேன்கள் ஏலம் கேட்கிற குரலில் அக்காவுக்கு உசுப்பேற்றினார்கள். இன்னொரு வெட்டு... திரை ஒரு தடவை கறுத்தது.

டிராகன் இல்லை.

வெள்ளை எழுத்தில் இரண்டு வரி வந்தது. வென்றீர்கள், வாழ்த்துகள். முடிந்தது. புதுசாக இருந்தால் அரை மணி நேரம் படம் காட்டுவான், பாட்டுப் போடுவான்.

"இம்புட்டுத்தானுங்களா?" என்றார் மேஸ்திரி.

"இம்புட்டுத்தாங்க" என்றார் அருள். அவர் கண் கலங்கியிருந்தது. கடைசியாக ஒரு பட்டியல் வந்தது. ஐந்து பேர் உயிரோடு. அருள் — மரணம்.

"கோயிலுக்குத் தூக்கிட்டுப் போனா உசுரு குடுப்பாங்க," என்று என் காதில் சொன்னார். "ஆனா அதுக்கு நடந்து திரும்பி வரணும். ரொம்ப தூரம்." பழனிக்காரரைப் பார்த்தார். சிடியைப் பார்த்தார். எழுந்து நாற்காலியைக் கொடுத்துவிட்டார். "நீங்க போடுங்க சார். பசிக்குது மாப்ள, எங்கயாச்சும் சாப்புடலாம்."

கதவைத் தாண்டிவிட்ட மனிதனுக்குப் பசிக்கும் போலிருக்கிறது.

நாங்கள் பைக்கை எடுப்பதற்குள் சூசை மாமா வடமதுரைக்குப் போனைப் போட்டுவிட்டார். ஏலக்காரர் குரல், மார்க்கெட் முழுக்கக் கேட்டது. "அக்கா, உம் மருமகன் உனக்கு முன்னால நின்னு உசுர விட்டுட்டாருக்கா." அங்கே இருந்து வந்த சத்தத்தில் மாமா போனைக் காதை விட்டுத் தள்ளிப் பிடித்தார். அருளைப் பேசவைத்து, அவர் நல்லாத்தான் இருக்கிறார் என்று நிரூபித்து, நடந்தது இது என்று விளக்கி முடிப்பதற்குள் மாமாவின் பாலன்ஸ் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருள் வீட்டில் விருந்து. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பிலோமினா அம்மாள் வடமதுரையில் இருந்து நாட்டுக்கோழியோடு வந்திருந்தார். இலை போட்டு, சோறு வைத்து, மருமகன் எதிரே நின்றார்.

"ஏன் மாப்பிள்ளை, எங்கையில என்ன குடுத்திருந்தீங்க?"

"வாள் அத்தை."

"எம்புட்டு நாளா?"

"கல்யாணம் ஆன மறுவருசத்துல இருந்து."

அந்த அம்மாள் கரண்டியைக் குழம்பில் விட்டுத் துழாவினார். பெரிய தொடைத் துண்டாகப் பார்த்து எடுத்து, அருள் இலையில் வைத்தார்.

"அத்தனை வருசமா உங்களக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கேன், ஒரு வார்த்தை சொல்லல பாத்தீங்களா... சரி, சாப்புடுங்க. செத்துப் பொழச்ச ஒடம்பு."